கோடிக்கு அறுநூற்று நாற்பது குறைவு

'ஓம் ஏரி குளம் நிறைப்பாய் போற்றி' என்று மைக்கில் நாச்சியம்மாள் இழுத்தபோது பகலவன் வாத்தியாருக்கு இடது கால் முழுசாக மரத்துப்போயிருந்தது. வலது கால் யோசனையில் இருந்தது. வாய் மட்டும் தன்பாட்டுக்கு 'போற்றி' என்றது. ஆடி முப்பத்தொன்று, வெள்ளிக்கிழமை, சாயங்காலம், கடைசிச் சுற்று. இது முடிந்தால் கோடி. செல்லாண்டியம்மன் கோயில் மண்டபத்தில் எண்பது பேர். ஆண்கள் இந்தப் பக்கம், பெண்கள் அந்தப் பக்கம், நடுவில் ஒரு நீலக் கயிறு. கயிற்றுக்கு அப்பால் தூணோரமாக அவருடைய மனைவி ருக்குமணி. சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, மார்கழிக் குளிரில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். குளிராவது ஒன்றாவது, மின்விசிறியில் பாதி ஓடவில்லை, எல்லார் முதுகும் நனைந்து கிடக்கிறது. கழுத்தைப் பார்க்காதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பகலவன் தலையைத் தூக்கிப் பதாகையைப் பார்த்தார். சிவப்பு எழுத்தில் '1,00,00,000 போற்றி'. ஒன்று, அதற்குப் பின்னால் ஏழு பூஜ்யம். பார்க்க எவ்வளவு சாது! வயிற்றைத் தள்ளிக்கொண்டு பந்திக்கு நிற்கிற மாதிரி வரிசையாக நிற்கின்றன. உள்ளே புகுந்து பார்த்தவனுக்குத்தான் அதன் பிடிவாதம் தெரியும். ஏழு இரண்டையும் ஏழு ஐந்தையும் பெருக்கினால் கோடி, அவ்வளவுதான். வேறு எந்தப் பகா எண்ணையும் அது வாசலில்கூட நிற்க விடாது. மூன்றால் வகுத்தால் ஒன்று மீதி. ஒன்பதால் வகுத்தாலும் ஒன்று மீதி. ஏழால் வகுத்தால் மூன்று மீதி. இருபத்தேழு நட்சத்திரத்துக்கும் பங்கு போட்டால் பத்து மீதி. நூற்றெட்டால் வகுத்தால் அறுபத்துநாலு மீதி. சாமி சம்பந்தப்பட்ட எண் எதுவோ அது எதற்கும் கோடி மசியாது. பக்தர்கள் கோடி கோடி என்று உயிரை விடுகிறார்கள். கோடியோ சுத்தமான நாத்திக எண். இதை நினைத்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது. அப்பா இருந்திருந்தால் ரசித்திருப்பார். அப்பா கறுப்புச் சட்டைக்காரர், ஊர்த் தேர் ஓடுகிற அன்றைக்குப் பார்த்து வீட்டில் கறி எடுக்கச் சொல்லுகிறவர், மகனுக்குப் பகலவன் என்று பெயர் வைத்துவிட்டு 'இவனாவது வெளிச்சமா இருக்கட்டும்' என்றவர். வெளிச்சம் இப்போது நெற்றி நிறையத் திருநீற்றோடு, கையில் போற்றிப் புத்தகத்தோடு, 'ஓம் காடு கழனி விளைப்பாய் போற்றி' என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

இது எப்படி வந்தது என்றால் கணக்கால் வந்தது. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டது வேறு யாரும் இல்லை, அவரேதான். ஆனி மாதக் கடைசியில் கோயில் தலைவர் சென்னியப்பன் வீட்டுக்கு வந்தார். மூன்று ரிக் வண்டி வைத்து ஊர் ஊராக ஆழ்குழாய்க் கிணறு தோண்டுகிறவர். ஆயிரம் அடிக்குக் கீழே தண்ணீர் வருமா வராதா என்று சொல்லிவிடுவார், நாற்காலியில் மட்டும் நுனியில்தான் உட்காருவார். "ஏனுங் வாத்தியாரே, நீங்க சாமி கும்புடாட்டிப் போச்சாதுங். கணக்குக்குச் சாமி ஏதுங்? ஆயிரத்தெட்டுப் போற்றி ஒரு சுத்து. எத்தன சுத்துப் போனா கோடி? அத மட்டும் பிரிச்சுக் குடுங்க, நாங்க கத்திக்கறோம்" என்றார். பகலவன் நாள்காட்டித் தாளைக் கிழித்துப் பின்பக்கம் போட்டார். ஈவு ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது. மீதி அறுநூற்று நாற்பது. மீதியைப் பார்த்து முகம் சுளித்தார், ஈவைப் பார்த்து மயங்கிப்போனார். ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது என்பது எண்பது பெருக்கல் நூற்று இருபத்துநாலு. நூற்று இருபத்துநாலு என்பது முப்பத்தொன்று பெருக்கல் நாலு. ஆடிக்கு முப்பத்தொரு நாள், நாளைக்கு நாலு உட்கார்வு, உட்கார்வுக்கு எண்பது பேர்! முப்பத்தைந்து வருஷம் கரும்பலகையில் கிறுக்கியவருக்கே இப்படி ஒரு கணக்குக் கையில் விழுந்ததில்லை. ஓர் இடத்தில் இடித்தது. பேர் கொடுத்தவர்கள் எழுபத்தொன்பது பேர். எழுபத்தொன்பது பகா எண். பகா எண்ணோடு யாராவது குடித்தனம் நடத்த முடியுமா? அந்த வேகத்தில்தான், நாக்கு இருந்த இருப்பில், "எம் பேரையும் சேத்துக்குங்க, எம்பதாயிரும்" என்று சொல்லிவிட்டார். சமையல்கட்டில் ஒரு டம்ளர் விழுந்து உருண்டது. கல்யாணமான நாளாக அவரை ஒரு கோயில் வாசல்படி ஏற்ற முடியாமல் தோற்றுப்போன ருக்குமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஆத்தா அவர் கண்ணைத் திறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டாள். எழுபத்தொன்பதை எண்பதாக்கத்தான் என்று அவர் விளக்க வாயெடுப்பதற்குள் அடுப்பில் ஒப்புட்டுப் போளிக்குப் பருப்பு வெந்துகொண்டிருந்தது. ஒப்புட்டு சுடுகிற மனைவியிடம் எவன் பகா எண்ணைப் பற்றிப் பேசுவான்? சென்னியப்பன் மட்டும் போகிறபோது, தொழில் புத்தி, "மீதி கீதி ஏதாச்சும் நிக்குதுங்களா?" என்று கேட்டார். பகலவன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "ஒண்ணும் இல்லீங்க. சுத்தமா வருது" என்றார்.

சுத்தமா. அந்த வார்த்தைதான் இப்போது தொண்டையில் கறிவேப்பிலைக் காம்பு மாதிரி குத்திக்கொண்டு நிற்கிறது. 'ஓம் கொள்ளை நோய் விரட்டுவாய் போற்றி.' போற்றி. அன்றைக்கு அது பொய்யாகவே படவில்லை. கோடியில் அறுநூற்று நாற்பது என்ன கணக்கில் சேர்த்தி? ஒரு மூட்டை அரிசியில் நாலைந்து குருணை. அதற்காக இன்னொரு சுற்றுச் சேர்த்தால் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்று. அது மூன்று பெருக்கல் மூவாயிரத்து முந்நூற்று ஏழு. மூவாயிரத்து முந்நூற்று ஏழு அதற்கு மேல் உடையாது, தலைகீழாக நின்றாலும் உடையாது. அந்த மாதிரி எண்ணை வைத்துக்கொண்டு யாரை எங்கே உட்காரவைப்பது? சரி, கோடியிலேயே கறாராக நிறுத்துவோம் என்றால் புத்தகத்தில் அறுநூற்று நாற்பதாவது போற்றியில் நிறுத்த வேண்டும். அது என்ன போற்றி என்று அன்றைக்கே புரட்டிப் பார்த்தார். 'ஓம் கூழ் குடித்து மகிழ்வாய் போற்றி.' ஒரு மாதம் ஊரே தொண்டை கிழியக் கத்திவிட்டுக் கூழில் கொண்டுபோய் நிறுத்தினால் எந்தப் பூசாரி கற்பூரம் காட்டுவான்? ஆயிரத்தெட்டாவது போற்றிதான் 'மங்கலம் நிறைப்பாய்'. அதில் முடிந்தால்தான் முடிந்த மாதிரி இருக்கும். இப்படியெல்லாம் நியாயம் சொல்லிக்கொண்டு அறுநூற்று நாற்பதைத் தட்டிவிட்டார். ஆனியில் தட்டிவிட்டார். ஆனியில் ருக்குமணியின் கழுத்தில் ஒன்றும் இல்லை. அல்லது இருந்தது, அவர் பார்க்கவில்லை. ஆடி பிறந்து ஒரு வாரம் போயிருக்கும். அவள் சொம்பை அண்ணாந்து தண்ணீர் குடித்தாள், தொண்டைக்குழிக்கு இடப்பக்கம் நெல்லிக்காய் அளவில் ஒன்று மேலே போய்க் கீழே வந்தது. அவர் செய்தித்தாளை வைத்துவிட்டு "இன்னொரு வாய் குடி" என்றார். குடித்தாள். போய் வந்தது. அன்றைக்கு முழுக்க ஏதாவது சாக்குச் சொல்லி அவளைத் தண்ணீர் குடிக்க வைத்துக்கொண்டே இருந்தார். அவளுக்கு வயிறு ஊதிப்போய்க் கோபம் வந்தது. அப்புறம் டாக்டர், ஸ்கேன், ஊசி போட்டு உறிஞ்சி எடுத்தது, கோயமுத்தூர் லேபுக்கு அனுப்பியது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிவாக்கில் உங்கள் போனுக்கு மெசேஜ் வந்துவிடும் என்றார்கள். ருக்குமணி விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். "கோடி முடியற அன்னைக்கே வருதுங் மாமா. ஆத்தா கணக்குப் போட்டுத்தான் வெச்சிருக்கறா" என்றாள். கணக்குப் போட்டவன் நானல்லவா என்று சொல்ல வந்ததை அவர் விழுங்கினார். இன்றைக்குக் காலையில் சேலைத் தலைப்பைக் கழுத்தில் சுற்றிக்கொண்டே கேட்டாள்: "கோடி செரியா முடிஞ்சிருமில்லீங்?" "சுத்தமா" என்றார். இரண்டாவது தடவை.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. நெஞ்சும் சேர்ந்து அதிர்ந்தது. எது எதனால் அதிர்ந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. புத்தகத்துக்குள் போனை ஒளித்துவைத்துப் பார்த்தார், வகுப்பில் எத்தனை பையன்களை இதே திருட்டுக்காகப் பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறார். 'அன்பு வாடிக்கையாளரே, உங்கள் காலம் இன்றுடன் முடிவடைகிறது.' உடம்பெல்லாம் ஜில்லிட்டுப்போய்க் கீழே படித்தால், இன்றே ரீசார்ஜ் செய்து தடையில்லாமல் பேசி மகிழுங்கள். பேசி மகிழ்வாய் போற்றி. படுபாவிகள், போன் கம்பெனிக்காரனுக்கு இந்த வெள்ளிக்கிழமைதானா கிடைத்தது? போனை உள்ளே தள்ளிவிட்டு மூச்சு விட்டார். டாக்டர் நல்ல மனுஷர், தோளைத் தட்டித்தான் அனுப்பினார். "இந்த மாதிரிக் கட்டியில நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு சாதாரணக் கட்டிதான் சார், பயப்படாதீங்க." கணக்கு வாத்தியாரிடம் போய் யாராவது இப்படிச் சொல்லுவார்களா? தொண்ணூற்றைந்து என்ற மாத்திரத்தில் ஐந்து வந்து உட்கார்ந்துகொண்டது. கோடியில் அறுநூற்று நாற்பதைக் குருணை என்று ஊதிவிட்டவனுக்கு நூற்றில் ஐந்தை ஊத முடியவில்லை. அது போகமாட்டேன் என்கிறது. குளிக்கிறபோது ஐந்து, பல் விளக்குகிறபோது ஐந்து. அவள் கொசுவத்தை மடிக்கிறாள், மடிப்பு ஐந்து. பயமாக இருந்தது. வேறு எந்தப் பெயரும் அதற்கு இல்லை, பயம்தான். அவள் இல்லாமல் அந்த வீட்டில் எந்தப் பாத்திரம் எங்கே இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. பாத்திரம் கிடக்கட்டும், அவரைப் பார்த்துச் சலித்துக்கொள்ள வேறு யார் இருக்கிறார்கள்? அட, யோசித்துப் பார் பகலவா, என்று தன்னையே அதட்டினார். கோயமுத்தூரில் ஒரு கண்ணாடிச் சில்லில் நாலு செல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது நல்லதென்றால் அன்றைக்கே நல்லது, கெட்டதென்றால் அன்றைக்கே கெட்டது. இங்கே நீ உட்கார்ந்து கோடி சொன்னாலும் ஒன்று குறையச் சொன்னாலும் அந்தச் சில்லுக்குக் காது இல்லை. இது அறிவு. இந்த அறிவை அப்பா தோளில் தூக்கிவைத்துக்கொண்டு ஊட்டினார். சரி, அறுநூற்று நாற்பது குறைந்தால் ஒன்றும் இல்லை என்றால், குறைகிறதே என்று எதற்கு இப்படி வேர்க்கிறது?

பக்கத்தில் மயில்சாமி தூங்கிக்கொண்டிருந்தார். பால் சொசைட்டியில் ரிட்டையரானவர். விடிகாலையில் எழுந்து பழகிய உடம்பு, சாயங்காலமானால் சாமி வந்தாலும் நிற்காது. ஆனால் ஒவ்வொரு நாமத்தின் கடைசியிலும் உதடு மட்டும் 'ற்றி' என்றது. அந்த 'ற்றி' கணக்கில் வருமா? வராது என்றால் கோடியில் இன்னும் எத்தனை ஓட்டை! பெண்கள் பக்கத்தில் பாதிப் பேர் புறணி பேசிக்கொண்டே போற்றி சொல்லுகிறவர்கள். அதெல்லாம் போகட்டும், அவர் சொன்னது? நம்பிக்கை இல்லாமல், எண்பதாவது ஆளாக வெறும் எண்ணிக்கைக்கு உட்கார்ந்து வாயசைத்தவனுடைய போற்றிக்கு என்ன மதிப்பு? பூஜ்யம் என்று வைத்துக்கொண்டால் நூற்று இருபத்துநாலு பெருக்கல் ஆயிரத்தெட்டு, ஒரு லட்சத்து இருபத்துநாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றிரண்டு. அதோடு பழைய அறுநூற்று நாற்பது. ஒரு லட்சத்து இருபத்தையாயிரத்துச் சொச்சம் குறைகிறது! முதல் நாளே மயில்சாமியைப் பற்றி யாரோ புகார் சொன்னபோது சென்னியப்பன் சொன்னது நல்லவேளையாக நினைவுக்கு வந்தது: "வாய் அசஞ்சாப் போதுமுங். மனசு எங்க போச்சுன்னு பாக்கறது ஆத்தா சோலி, நம்ம சோலி இல்லீங்." பகலவன் அந்த விதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வாய் அசைந்ததா? அசைந்தது. அப்படியானால் மயில்சாமியும் சேர்த்தி, அவரும் சேர்த்தி. ஆக, குறைகிறது அறுநூற்று நாற்பதுதான். அது மற்றவர்கள் தலையில் இல்லை, அவர் தலையில். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அவர் அளந்து பார்த்துவிட்டு, அளவு பிடிக்கவில்லை என்று கொட்டிவிட்டார். 'ஓம் தொள்ளாயிரம் திருக்கோலம் கொண்டாய் போற்றி.' இது தொள்ளாயிரமாவது. பாட்டுக் கட்டினவர் குறும்புக்காரர், எண்ணையே நாமத்தில் வைத்திருக்கிறார். இன்னும் நூற்றெட்டு. ருக்குமணி கண்ணை மூடிக்கொண்டு, தலையை லேசாக ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். தலைப்பு நழுவியிருந்தது. பார்க்காதே என்றால் கேட்கிற கண்ணா?

பார்த்தார். நெல்லிக்காய் மேலே போய்க் கீழே வந்தது. ஒவ்வொரு போற்றிக்கும் ஒரு தடவை. கண்ணைப் பிடுங்கிக்கொண்டு புத்தகத்துக்குள் வந்து விழுந்தார், விழுந்த இடத்தில் அறுநூற்று நாற்பது காத்திருந்தது. ஒரு மாதமாக அதை அவர் நேராக ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. மீதியை யார் பார்ப்பார்கள்? ஈவு அழகாக வந்ததும் மீதியைத் தாளோடு மடித்துப் பைக்குள் வைத்தாகிவிட்டது. இப்போது வேறு போக்கிடம் இல்லாமல் பார்த்தார். அறுநூற்று நாற்பது. அறுபத்துநாலு பத்து. எண்பது எட்டு. எண்பது எட்டு அறுநூற்று நாற்பது. எண்பது பேர், ஆளுக்கு எட்டு! முதுகில் யாரோ பளாரென்று அறைந்த மாதிரி நிமிர்ந்துவிட்டார். அறுநூற்று நாற்பது எண்பதால் சுத்தமாக வகுபடுகிறது. மங்கலம் நிறைப்பாய் முடிந்ததும் யாரும் எழுந்திருக்காமல் முதல் பக்கத்துக்குப் போய், ஆளுக்கு எட்டே எட்டுப் போற்றி. ஒரு கொட்டாவி விடுகிற நேரம். கோடி, ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை. அட மடப்பயலே! முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளை 'மீதியைப் பாருடா, மீதியைப் பாருடா' என்று அடித்தாயே, நீ பார்த்தாயா? சொல்லிவிட வேண்டியதுதான். எழுந்து, தொண்டையைச் செருமி, 'இன்னும் எட்டு இருக்குதுங்க' என்று சொல்ல வேண்டியதுதான். சொன்னால் எதற்கு எட்டு என்பார்கள். அன்றைக்குச் சுத்தமா வருது என்றீர்களே வாத்தியாரே என்பார்கள். நாச்சியம்மாள் தமிழாசிரியை, ஒரே பள்ளிக்கூடத்தில் இருந்தவள். பதினாலு வருஷம் அவள் போடுகிற மார்க் கூட்டலை ஊர் சிரிக்கத் திருத்திக் காட்டியிருக்கிறார், அவள் விடுவாளா? சிரிக்கட்டுமே. சிரித்தால் என்ன, தோலா உரிந்துபோகும்? 'ஓம் விளக்கின் சுடரே போற்றி.' இன்னும் பத்து. இன்னும் ஒன்பது. போற்றி. எழுந்திருக்க வேண்டும். இடது காலைக் கூப்பிட்டார், வரவில்லை. வலது காலைக் கூப்பிட்டார், அதுவும் இடது காலோடு சேர்ந்துகொண்டது. 'ஓம் மங்கலம் நிறைப்பாய் போற்றி!'

"இருங்க! எட்டு! இன்னும் எட்டு!" என்று பகலவன் கத்தினார், கையையும் தூக்கினார். ஆனால் அதற்குள் மணி அடித்துவிட்டது, மேளம் பிடித்துக்கொண்டது, பெண்கள் குலவை போட்டார்கள். மயில்சாமி திடுக்கிட்டு விழித்து, "மணி எட்டாச்சுங்களா?" என்றார். சென்னியப்பன் தூக்கிய கையைப் பார்த்துவிட்டார். பார்த்து என்ன நினைத்தாரோ, ஓடிவந்து, "மறப்பனுங்களா வாத்தியாரே, உங்க கணக்கு இல்லாட்டி இது நடக்குமுங்களா?" என்று கழுத்தில் ஒரு சிவப்புத் துண்டைப் போட்டு, கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, மைக்கில் போய், "கோடி முடிஞ்சுதுங்! எல்லாரும் கூழ் குடிச்சுட்டுத்தான் போகோணும்!" என்று அறிவித்தார். ஆனை போய் வால் மாட்டிக்கொண்டது. ஐந்து நிமிஷத்தில் மண்டபம் காலி. மற்ற எழுபத்தொன்பது பேரும் கூழ் அண்டாவுக்கு முன்னால் நின்றார்கள். பகலவன் துண்டும் கழுத்துமாக உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். அம்மன் எதிரே இருந்தாள், மூக்குத்தியும் மஞ்சளுமாக, எனக்கு ஒன்றும் அவசரமில்லை என்கிற முகத்தோடு. யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்து, விரலை வைத்து, மெல்லத் தொடங்கினார். ஆளுக்கு எட்டு போய்விட்டது. இனி ஒரே ஆளுக்கு அறுநூற்று நாற்பது. சொந்தக் கணக்கில் சூனியம் வைத்துக்கொண்டவன் சொல்லித்தான் ஆக வேண்டும். இது பக்தி இல்லை என்று அப்பாவுக்குச் சொன்னார். திருத்தம் போடுகிறேன், அவ்வளவுதான். போற்றி. விரலை நகர்த்தினார். போற்றி. இதுவரை ஒரு தடவையாவது அர்த்தத்தைக் கேட்டதில்லை. தனியாகச் சொல்லும்போது ஒவ்வொன்றும் காதில் விழுந்தது. ஏரி குளம் நிறைப்பாயாம். காடு கழனி விளைப்பாயாம். கைப்பிள்ளை அழுகை தீர்ப்பாயாம். எத்தனை வேலை வைத்திருக்கிறார்கள் இவளுக்கு. இதில் ஒரு கழுத்தையும் பார்த்துக்கொள் என்று எங்கேயாவது வருகிறதா என்று தேடிக்கொண்டே போனார்.

போன் அதிர்ந்தபோது நானூறு தாண்டியிருந்தது. ரீசார்ஜாகத்தான் இருக்கும் என்று எடுக்கவில்லை. ரீசார்ஜாக இல்லாமல் இருந்தால் இன்னும் எடுக்கக் கூடாது. இருநூற்றுச் சொச்சம் பாக்கி. மீதியை வைத்துக்கொண்டு விடையைப் பார்ப்பது எந்த ஊர் வழக்கம்? நானூற்று ஒன்பது. போற்றி. வியர்வை கண்ணில் இறங்கியது. நானூற்றுப் பத்து.

"ஏனுங் மாமா, இன்னும் எந்திரிக்கலயா நீங்க?" ருக்குமணி இரண்டு கையிலும் கூழ்ச் சொம்போடு நின்றாள். அவர் புத்தகத்தைக் காட்டிக் காலைக் காட்டினார். பேசினால் எண் தவறும். "கால் மரத்துப் போச்சுங்களா? போன் வந்துச்சுங்களா?" அவர் தலையை ஆட்டினார். ஆமென்றா இல்லையென்றா என்று அவருக்கே தெரியாது. அவள் சொம்புகளைக் கீழே வைத்தாள், பக்கத்தில் உட்கார்ந்தாள், அவர் சட்டைப் பையில் கையை விட்டுப் போனை எடுத்தாள். எடுக்காதே என்று சொல்ல வாயைத் திறந்தார், வாய் 'போற்றி' என்றது. நானூற்றுப் பதினொன்று. அவள் போனைத் தூர வைத்துப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, எழுத்துக் கூட்டினாள். "என்னமோ இங்கிலீசுல வந்திருக்குதுங். எம் பேரு போட்டிருக்குது. அப்பறம்… பெ… னி… பெனிக்ன்னு போட்டிருக்குது. பெனிக்ன்னா நல்லதுங்களா, கெட்டதுங்களா?" அவர் போனைப் பிடுங்கினார். பி, ஈ, என், ஐ, ஜி, என். ஒவ்வொரு எழுத்தாக, பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி, மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே பார்த்தார். சாதாரணக் கட்டி. ஒன்றும் இல்லை. தொண்ணூற்றைந்தில் இருந்தாள், அவருடைய ருக்குமணி. அவள் முகத்தைப் பார்த்துத் தலையை வேகமாக ஆட்டினார், நல்லது நல்லது என்று ஆட்டினார், கண்ணிலிருந்து கொட்டியது, வாய் மட்டும் விட்ட இடத்திலிருந்து 'ஓம் பெண்மக்கள் துணையே போற்றி' என்றது. நானூற்றுப் பன்னிரண்டு. விரலை அங்கேயே அழுத்தி வைத்துக்கொண்டு, "ஒண்ணும் இல்ல ருக்கு. ஒண்ணுமே இல்லியாம்" என்றார். அவள் அம்மனைப் பார்த்துக் கும்பிட்டாள், கும்பிட்டபடியே கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஆத்தா கைவிடுவாளாங்? அப்பறம் எதுக்கு இன்னும் சொல்லீட்டு உக்காந்திருக்கறீங்க? எந்திரிங்க, கூழ் ஆறிப்போவுது" என்றாள்.

பகலவன் விரலை எடுக்கவில்லை. "கோடி ஆகுல, ருக்கு" என்றார். "அறுநூத்தி நாப்பது கொறையுது. எனக்கு அன்னைக்கே தெரியும். அசிங்கமா நிக்குதுன்னு தட்டிவிட்டுட்டேன்." அவள் அவரையே பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டார். அவளோ அம்மன் பக்கம் திரும்பி, "கொறயா இருக்கும்போதே குடுத்துட்டா பாருங்" என்றாள். கழுத்துத் தலைப்பை அவிழ்த்து, முகத்தைத் துடைத்து, முந்தானையாகப் போட்டுக்கொண்டாள். முடிவுதான் வந்துவிட்டதே, இன்னும் எதற்கு என்று அவள் மறுபடி கேட்கவில்லை. பயம் போன பிறகும் விரல் அந்த வரியை விட்டு வரமாட்டேன் என்றது. கணக்குக்காகத்தான் என்று அவர் சொல்லிக்கொண்டார், நம்புகிறவர்கள் நம்பலாம். "இன்னும் எத்தன இருக்குதுங்?" என்றாள். "இருநூத்தி இருவத்தெட்டு." "ரெண்டாப் பிரிங்க." பிரித்தார். நூற்றுப் பதினாலு, நூற்றுப் பதினாலு, மீதி இல்லை. மேல்பாதி அவளுக்கு, கீழ்ப்பாதி அவருக்கு என்று புத்தகத்தை நடுவில் வைத்துக்கொண்டார்கள். தலையும் தலையும் இடித்தன. ஒருவர் போற்றி மற்றவர் காதில் விழுந்து இரண்டு தடவை குழம்பியது, அவள் அவர் தொடையில் கிள்ளினாள், மரத்துப்போன தொடை என்பதால் வலிக்கவில்லை. வெளியே அண்டாவைச் சுரண்டுகிற சத்தம் கேட்டது. அவள் தன் பங்கை முடித்துவிட்டு அவருக்காகக் காத்திருந்தாள். அறுநூற்று முப்பத்தெட்டு. அறுநூற்று முப்பத்தொன்பது. கடைசி வரியில் அவளும் சேர்ந்து வாயெடுத்தாள். அவர் சட்டென்று அவள் வாயைப் பொத்தினார். இரண்டு பேர் சொன்னால் ஒன்று கூடிவிடும். 'ஓம் கூழ் குடித்து மகிழ்வாய் போற்றி' என்று தனியாகச் சொல்லிப் புத்தகத்தை மூடினார்.

அவள் கையை விலக்கிவிட்டுக் கேட்டாள். "முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுது."

"சுத்தமாவா?"

"சுத்தமா" என்றார். அவள் கூழ்ச் சொம்பை எடுத்து அவர் கையில் கொடுத்தாள், தன்னுடையதை எடுத்து அண்ணாந்து குடித்தாள். அவர் அவள் கழுத்தைப் பார்த்துக்கொண்டே குடித்தார்.